இலையும் எலையும்: தமிழ் அகரவரிசைப் படநூலின் இரு வாசகர்கள்

ஆய்வுச் சுருக்கம்

அகரவரிசைப் படநூல் குழந்தைக்கென அச்சிடப்பட்டாலும், அதனைத் தேர்ந்து வாங்குபவரும் உரத்து வாசிப்பவரும் பெரியவரே. ஆகவே அது தொடக்கம் முதலே இரு வாசகர்களைக் கொண்ட நூல்வகையாகும். தமிழில் வழக்கமாக இடம்பெறும் சொற்–பட இணைகள் சில எழுத்து வழக்கில் பொருந்தினாலும் பேச்சு வழக்கில் பொருந்தாமல் போகின்றன. இப்பொருந்தாமையை ஆத்திசூடி மரபு, பிறமொழிப் படநூல்கள், புதுவைக் கடற்கரையின் மொழிச்சூழல் ஆகியவற்றின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அகரவரிசைப் படநூல், இரட்டை வழக்கு, மொழிமுதல் எழுத்து, ஆத்திசூடி, சிறார் இலக்கியம், பிள்ளைச்சாவடி

முன்னுரை

குழந்தைகளுக்கான நூல்களில் ஆய்வாளரின் கவனத்தை மிகக் குறைவாகப் பெற்றது அகரவரிசைப் படநூலே எனலாம். கதையும் பாடலும் ‘சிறார் இலக்கியம்’ என்ற தலைப்பின்கீழ் ஆராயப்படுகின்றன. ‘அ – அம்மா, ஆ – ஆடு’ எனத் தொடங்கும் நூலோ பாடக்கருவி என ஒதுக்கப்படுகிறது. அதில் ஆசிரியர் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை. இருந்தாலும் எவரும் நினைவில் கொள்வதில்லை. ஆயினும் தமிழ் படித்தவர் எவரும் பிற நூல்களை மறந்தாலும் இந்நூலின் பக்கங்களை மறப்பதில்லை. அம்மா, ஆடு, இலை, ஈ, உரல், ஊஞ்சல், எலி, ஏணி, ஐந்து, ஒட்டகம், ஓணான், ஔவை, எஃகு என்னும் வரிசை பதிப்புக்குப் பதிப்பு ஓரிரு சொற்கள் மாறினும் ஏறத்தாழ நிலைபெற்றுவிட்டது. ஓணானுக்குப் பதில் ஓடமும் ஔவைக்குப் பதில் ஔடதமும் வரும். இலையும் உரலும் பெரும்பாலும் மாறுவதில்லை.

இவ்வகை நூல் பெரியவரையும் கவர்கிறது என்பது பாராட்டாகவே சொல்லப்பட்டு வருகிறது. அந்தக் கவர்ச்சி எத்தகையது என்பது கேட்கப்படுவதில்லை. பெரியவர் தம் இளமையை அதில் காண்பது ஒரு கவர்ச்சி. அருகிலிருக்கும் குழந்தையோடு சேர்ந்து ஒரு வேலையைச் செய்ய நூல் அவரை அழைப்பது வேறொரு கவர்ச்சி. தமிழ்ப் படநூல் முதலாவதில் மிக வலுவாகவும் இரண்டாவதில் மிக மெலிவாகவும் இருப்பதற்கு ஓவியரின் திறக்குறையைக் காட்டிலும் தமிழின் இரட்டை வழக்கே பெரிய காரணம்.

நான்கு படம், இரண்டு ஒலி

புதுச்சேரி நகருக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், காலாப்பட்டை அடுத்து அமைந்த மீனவர் ஊர் பிள்ளைச்சாவடி. இன்று தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்ந்துள்ள புதுவைப் பொறியியல் கல்லூரி அவ்வூரிலேயே உள்ளது. கடலரிப்பால் வீடுகளை இழந்துவரும் கரை என்ற அளவில் செய்தித்தாள்களிலும் அவ்வூரின் பெயர் அடிபடுவதுண்டு. உயர்கல்வி நிறுவனம் ஒருபுறமும் கடல் மறுபுறமும் இருக்கும் இத்தகைய ஊரில், பள்ளி செல்லத் தொடங்காத ஒரு குழந்தையின் முன் மேற்சொன்ன படநூலை விரித்து வைப்பதாகக் கொள்வோம்.

மூன்றாம் படம் இலை. குழந்தை அதனை அறியும். ஐயமின்றிப் பெயரும் சொல்லும். சொல்லும் பெயர் ‘எல’ அல்லது ‘எலை’. ஐந்தாம் படம் உரல். அதை அறிந்த குழந்தையாயின் ‘ஒரலு’ என்னும். இது கடற்கரைக்கோ புதுவைக்கோ மட்டும் உரிய கொச்சையன்று. மொழிமுதல் இகரமும் உகரமும், அடுத்த அசையில் அகரமோ ஆகாரமோ ஐகாரமோ வந்து, இடையில் ஒற்றை மெய் மட்டும் நிற்கும்போது, பேச்சுத் தமிழில் முறையே எகரமாகவும் ஒகரமாகவும் ஒலிக்கின்றன. இடம் ‘எடம்’ ஆகிறது. இறகு ‘எறகு’, உடம்பு ‘ஒடம்பு’, உலகம் ‘ஒலகம்’, நிலா ‘நெலா’, புகை ‘பொகை’ எனவும் ஆகின்றன. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் வழங்கும் பேச்சில், கற்றவர் கல்லாதவர் வேறுபாடின்றி நிகழும் ஒழுங்கான ஒலிமாற்றம் இது. மொழியியலார்க்கு இது புதிய செய்தியன்று. படநூல் தொகுப்போர்க்கு இது எட்டியதாகத் தெரியவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். நூலில் இலை மூன்றாம் எழுத்துக்கும் எலி ஏழாம் எழுத்துக்கும் உரியன. குழந்தையின் செவியிலோ இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. உரலும் ஒட்டகமும் அவ்வாறே. குறில்களான இ, எ, உ, ஒ என்னும் நான்கையும் வேறுபடுத்திக் காட்டுவதற்கென வைக்கப்பட்ட நான்கு படங்கள் இரண்டு ஒலிகளுக்குள் அடங்கிவிடுகின்றன. ஐகாரத்தின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஐந்து விரலோ ஐந்து ஆளோ வரைந்து ‘ஐந்து’ என்றும் ‘ஐவர்’ என்றும் எழுதினால், குழந்தை எண்ணிப் பார்த்து ‘அஞ்சு’ என்றே சொல்லும். படம் அகரத்துக்குப் போய்விடும். ஔடதம் எனச் சீசாவை வரைந்தால் ‘மருந்து’ என்னும். எஃகு என்பது ஒரு பொருளின் பெயராகுமே தவிர வடிவத்தின் பெயராகாது. ஆகவே ஓவியர் வாளையோ கம்பியையோ வரைந்துவிட்டு அமைய வேண்டியிருக்கிறது. குழந்தை ‘கத்தி’ என்கிறது. பன்னீருயிரும் ஆய்தமுமாகிய பதின்மூன்றில் ஐந்து இடங்களில் படம் எழுத்தைக் காட்டிக் கொடுக்கவில்லை.

இங்கே தோல்வியுறுவது குழந்தை அன்று. ‘எலை’ என எழுதிய குழந்தையின் சிலேட்டில் பிழைக்குறி விழுகிறது. அக்குழந்தை செய்தது, கேட்ட ஒலிக்குச் சரியான எழுத்தைத் தேர்ந்ததே. ‘படத்தின் பெயர் எந்த ஒலியில் தொடங்குகிறதோ அதுவே இந்த எழுத்து’ என்பதுதான் படநூல் வாய்திறவாமல் கற்பிக்கும் விதி. அவ்விதியை உண்மையாகப் பின்பற்றியவரே அங்குத் தண்டிக்கப்படுகிறார். எழுத்தறிந்த பெரியவர் பக்கத்தில் இருந்தால் ‘எலைன்னு சொல்றோம், எழுதும்போது இலை’ என ஒரு வரியில் இவ்விடைவெளியைக் கடத்திவிடுவார். அவர் இல்லாத வீட்டில் படம் தனியே நின்று தவறான எழுத்தைக் கற்பிக்கிறது. ஆகவே தமிழ்ப் படநூலுக்குப் பெரியவர் தற்செயலாக வந்து சேர்ந்த இரண்டாம் வாசகர் அல்லர். அவரின்றி அந்நூல் இயங்காது. தன் இயக்கத்துக்கு இன்றியமையாத ஒருவருக்கு நூல் ஒரு குறிப்பையும் தருவதில்லை என்பதே அதன் முதற்குறை.

மொழிமுதல் ஆகா எழுத்துகள்

உயிரெழுத்துகளில் செவி இடர் என்றால் உயிர்மெய்யில் இலக்கண இடர். தொல்காப்பியம் மொழிமுதலாகும் எழுத்துகளை வரையறுக்கிறது. நன்னூல் அதனைச் சற்று நெகிழ்த்துகிறது. எவ்வாறாயினும் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவை தமிழ்ச்சொல்லின் முதலில் வாரா. ஆங்கில நெடுங்கணக்கைப் பின்பற்றி ‘எழுத்துக்கொரு சொல், சொல்லின் முதலில் அவ்வெழுத்து’ என்று நூல் செய்யப் புகுந்தவர் பதினெட்டு மெய் வரிசைகளில் ஏறத்தாழப் பாதியில் வழியடைபட்டு நிற்பார். வழக்கமான தீர்வு, எழுத்தைச் சொல்லின் இடையிலோ இறுதியிலோ காட்டுவது: ங – சங்கு, ண – கண், ழ – வாழை, ள – தவளை, ற – பறவை, ன – மான். தீர்வு நேர்மையானது, ஆனால் உயிரெழுத்துப் பக்கங்களில் முதலொலியைக் கவனிக்கப் பழகிய குழந்தையிடம் விதி மாறிவிட்டது என்பதை எவரும் சொல்வதில்லை. பல வட்டார வழக்குகளில் ழகரம் ளகரமாகவே ஒலிப்பதால், வாழையும் தவளையும் செவியளவில் ஒரே எழுத்தைத்தான் காட்டுகின்றன என்பது மேலும் ஓர் இடர்.

இந்த இடரைப் படநூலுக்கு நெடுங்காலம் முன்பே எதிர்கொண்டது ஆத்திசூடி. ஓவியமே இல்லாத அந்நூலைத் தமிழின் மூல அகரவரிசை நூல் எனக் கொள்வது பொருந்தும். மொழிமுதல் ஆகாத வரிசைகளை ஔவை எவ்வாறு கையாண்டார் என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. ட, ண, ய, ர, ல, ழ, ள, ற, ன என்னும் ஒன்பது இடங்களில் அகரத்தையோ இகரத்தையோ முன்னே இட்டு, உரிய எழுத்தை இரண்டாம் இடத்தில் நிறுத்துகிறார். ஒன்பதிலும் அதே இடம். சங்கில் நடுவில், மானில் இறுதியில் என அலையும் இன்றைய படநூலைப் போலன்றி, கேட்பவருக்கு விதி மாறாமல் இருக்கிறது. ஙகரத்தில் மட்டும் அவர் வேறொரு துணிவைக் காட்டுகிறார்: அவ்வெழுத்தின் வளைந்த வரிவடிவத்தையே உவமையாக்கி அறம் சொல்கிறார். தமிழில் எழுத்தைப் படமாகப் பார்க்கச் சொன்ன தொன்மையான இடங்களுள் ஒன்று அது. வரைந்த படமில்லாத நூலில் எழுத்தே படமாகிறது.

புதுவையில் வாழ்ந்த பாரதியார் தம் புதிய ஆத்திசூடியில் வேறு வழி சென்றார். ரகர, லகர வரிசைகளில் வடசொற்களை ஏற்று, அவற்றைப் பெரும்பாலும் மொழிமுதலிலேயே நிறுத்தினார். ரௌத்திரம் என்னும் சொல் தமிழ்ப் பொதுப்பேச்சில் அடைந்த இடத்துக்கு அந்த அகரவரிசைத் தேவையும் ஒரு காரணம் என்று சொன்னால் மிகையாகாது. அதே புதுவையில் நெடுங்காலம் பள்ளித் தமிழாசிரியராக இருந்த பாரதிதாசனும் ஓர் ஆத்திசூடி செய்தார். ஒரே சிறுநகரம் இரு புது ஆத்திசூடிகளைத் தந்தும், அவற்றைக் கருதிப் பார்த்த படநூல் மரபு ஒன்று உருவாகவில்லை.

ஆத்திசூடியின் பெரிய வலிமை, ஒரே வரி இரண்டு வயதுகளில் படிக்கப்படுவது. ஐந்து வயதில் அது ஒலி, முப்பதில் பொருள். குழந்தை பொருளறியாமல் மனனம் செய்வதை இக்காலக் கல்வியியல் குறை சொல்லலாம். அதில் நியாயமும் உண்டு. எனினும் பெரியவர்க்கும் சிறியவர்க்கும் ஒரே பக்கத்தில் தனித்தனி வேலை தந்த நூல் அது. ‘உ – உரல்’ பெரியவருக்கு எந்த வேலையும் தருவதில்லை. நினைவை மட்டுமே தருகிறது.

பெரியவர் விரும்பும் படம்

உரலின் இடம் அதனால்தான் சிக்கலானது. மாவரைக்கும் இயந்திரம் வந்த பின் வளர்ந்த குழந்தைக்கு உரல் அறிமுகமில்லாத பொருள். பெரியவருக்கோ அது பாட்டி வீடு. உரல், உறி, ஏற்றம், அம்மி என்னும் படங்கள் நிறைந்த நூல் அருங்காட்சியகப் பட்டியலாக மாறுவதும், அதையே பெரியவர் ‘அழகிய நூல்’ எனப் போற்றி வாங்குவதும் இயல்பாக நடக்கின்றன. வாங்குபவர் அவர் அல்லவா. 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வருமுன் படித்தவர்களுக்கு யானைத் துதிக்கை போன்ற பழைய ஐகாரக் குறியும் இந்நினைவில் சேரும். ட, ப, ம போன்ற வடிவ ஒப்புமை கொண்ட எழுத்துகளை முதலில் கற்பிக்கும் முறை வகுப்பறையில் இடம்பெற்ற பின்னும், வீட்டுப் படநூல் அகரவரிசையை விடாதிருப்பதற்குக் கற்பித்தல் காரணத்தை விட இந்நினைவே காரணமாகலாம்.

ஔவையின் படம் இதற்கு ஒரு சுவையான சான்று. அகரவரிசை நூல் செய்தவரே அகரவரிசையில் ஒரு படமாக அமர்ந்திருக்கிறார். ஊன்றுகோலும் திருநீறும் முதுமையுமாக வரையப்படும் அவ்வுருவில், 1953இல் ஜெமினி வெளியிட்ட ‘ஔவையார்’ படத்தின் கே.பி. சுந்தராம்பாளைக் காணாத பெரியவர் குறைவு. குழந்தை காண்பது ஒரு பாட்டி, சொல்வது ‘பாட்டி’. ஔகாரத்துக்கு வேறு வழியில்லை என்பது உண்மைதான்.

காக்கையின் குரலும் எழுத்தின் நடமாட்டமும்

‘எழுத்து – பொருளின் பெயர்’ என்னும் இணையே ஒரே வழி என எண்ண வேண்டியதில்லை. குழந்தைகளுக்கான பட நூல்களின் முன்னோடி எனப்படும் கொமேனியசின் ‘ஓர்பிஸ் சென்சுவாலியம் பிக்டஸ்’ 1658இல் நூரெம்பர்க்கில் வெளிவந்தது. அதன் தொடக்கத்திலுள்ள ‘உயிருள்ள அகரவரிசை’ பெயரின் முதலெழுத்தைப் பொருட்படுத்துவதில்லை. காக்கை கரைகிறது, அதன் குரலே முதல் எழுத்து. ஆட்டுக்குட்டி கத்துகிறது, அக்குரலே அடுத்த எழுத்து. படம் செவிக்கு நேரே செல்கிறது; எழுத்து வழக்கு, பேச்சு வழக்கு என்ற பிளவு குறுக்கிட இடமில்லை. இரட்டை வழக்குடைய தமிழுக்கு இது எவ்வளவு ஏற்றது என்பதைத் தமிழ்ப் படநூல் தொகுப்போர் கருதியிருக்கலாம்.

இந்தியாவில் இவ்வகையின் உச்சம் 1930இல் வெளியான தாகூரின் ‘சஹஜ் பாட்’. அதன் முதற்பகுதியில் எழுத்துகள் பொருள்களைச் சுட்டி நிற்பதில்லை, தாமே ஆட்களாகின்றன. உண்கின்றன, கத்துகின்றன, வேலை செய்கின்றன. நந்தலால் போஸின் கறுப்பு வெள்ளைப் படங்கள் அவ்வரிகளுக்குப் பெயர்ச்சீட்டாக ஒட்டப்பட்டவை அல்ல. வங்க நாட்டுப்புறத்தின் காட்சிகளாகத் தனித்து நிற்பவை. கவிஞரும் ஓவியரும் தம் முழுத்திறனையும் ஒரு பாடநூலுக்குத் தந்ததால், வங்கத்தில் முதியவரும் அதை நினைவுக்காக மட்டுமன்றிக் கலைக்காகவும் புரட்டுகின்றனர். தமிழில் பாரதியும் பாரதிதாசனும் அகரவரிசையைத் தொட்டனர். அவர்களுக்கொரு நந்தலால் வாய்க்கவில்லை. தமிழ்ச் சிறார் நூல் வரலாற்றின் பெரிய இழப்புகளுள் ஒன்றாக இதனை எண்ணலாம்.

ஜப்பானிய ஓவியர் மித்சுமாசா அன்னோ 1974இல் வெளியிட்ட அகரவரிசை நூலில் ஒரு பக்கம் மரத்தில் செதுக்கியது போன்ற எழுத்தும் எதிர்ப்பக்கம் ஒரு பொருளும் இருக்கும். பொருளின் பெயர் அங்கு அச்சிடப்படவில்லை. எழுத்தின் மரவேலையோ கண்ணை ஏமாற்றுவது. நேரில் செய்ய இயலாத கோணங்களில் முறுக்கப்பட்டது. குழந்தை பெயரைத் தேடுகிறது, பெரியவர் மரம் எப்படி வளைந்தது எனத் தேடுகிறார். இருவரும் ஒரே பக்கத்தில் நெடுநேரம் தங்குகின்றனர். மாறாக, எட்வர்ட் கோரியின் 1963ஆம் ஆண்டு நூலில் 26 எழுத்துக்கு 26 குழந்தைகள் வரிசையாக இறக்கின்றனர். அது அகரவரிசையின் உருவத்தை மட்டும் கடன்பெற்ற பெரியவர் நூல். பெரியவரைக் கவர்வது மட்டுமே அளவுகோலானால் அதுவும் வெற்றி பெற்ற படநூலே. அந்த அளவுகோலின் போதாமைக்கு அதுவே சான்று.

கடற்கரைப் பக்கம்

வழக்கமான நூல்களில் மருதமும் முல்லையும் நிறைந்திருக்க நெய்தல் குறைந்திருப்பது வெளிப்படை. எனவே உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டு படநூல் செய்ய வேண்டும் என்பது எளிதில் தோன்றும் பரிந்துரை. அதில் உண்மை உண்டு. ஙகரத்துக்குச் சங்கும் ஆகாரத்துக்குக் கரையேறி முட்டையிடும் ஆமையும் நகரத்துக்கு நண்டும் பிள்ளைச்சாவடிக் குழந்தைக்குப் பொருந்துவது போல ஒட்டகம் பொருந்தாது. ஆயினும் பரிந்துரை அங்கேயே நின்றுவிட்டால் இடர் தீராது. கடற்கரைக் குழந்தைக்கு இகரத்துக்கு எதைக் காட்டுவது என்று கேட்டால் எவர்க்கும் முதலில் தோன்றுவது இறால். மீனவர் பேச்சில் அது ‘எறா’. சுறா ‘சொறா’ ஆகிறது. இலையை நீக்கி இறாலை வைப்பதால் நிலம் மாறுகிறதே தவிர ஒலி மாறவில்லை. குழந்தை மீண்டும் எகரத்துக்கே போகிறது. மண்ணின் மணம் என்னும் அளவுகோல் செவியின் அளவுகோலுக்கு ஈடாகாது.

ஒலிக்கு ஏற்ற சொற்கள் தமிழில் இல்லாமலில்லை. இஞ்சியும் இட்லியும் இகரமாகவே ஒலிக்கின்றன. உப்பும் உளியும் உண்டியலும் உகரமாகவே. காலாப்பட்டுக்கு வடக்கே அதே சாலையில் மரக்காணத்து உப்பளங்களில் குவித்த வெண்குவியல் ஓவியருக்கும் அழகிய பொருள். நீக்கப்படும் இலைக்கும் இடமுண்டு. ஔவை லகரத்தை இகரத்தின் பின் வைத்துக் காட்டிய அதே முறையில், இலை லகர வரிசையின் படமாகலாம். ‘எலை’ எனச் சொன்னாலும் லகரம் கெடுவதில்லை. மாறாக, இலையை இகரத்திலேயே வைத்து, பக்கத்தின் அடியில் பெரியவருக்கென ஒரு வரி அச்சிடுவதும் ஏற்கத்தக்கதே. அப்பொழுது பேசுவதும் எழுதுவதும் வேறு என்பதைத் தமிழ்க் குழந்தை தன் முதல் நூலிலேயே, பிழையாக அன்றிச் செய்தியாக, அறிந்துகொள்ளும். இரண்டனுள் பின்னதே தமிழின் இயல்புக்கு நெருங்கியது. அதற்கு நூலாசிரியர் பேச்சு வழக்கை அச்சில் ஏற்கும் துணிவு வேண்டும்.

உள்ளூர்ப் பொருளும் பழையதாகும் என்பதையும் மறத்தலாகாது. ககரத்துக்குக் கட்டுமரம் வரைந்தால் நெய்தல் நிலம் நூலில் ஏறிவிட்டதாக மகிழலாம். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் சோழமண்டலக் கரையில் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. கட்டுமரம் விரைவில் உரலைப் போலவே பெரியவர் நினைவின் பொருளாகக்கூடும். இன்றைய குழந்தை கரையில் காண்பதும் ஏறி விளையாடுவதும் ‘ஃபைபர் போட்’. எஃகால் வரைந்து காட்ட முடியாத ஆய்த எழுத்து, இலக்கணம் மொழிமுதலில் இடம் தராத அவ்வெழுத்து, பிள்ளைச்சாவடி மணலில் வண்ணம் பூசிய ஒரு பொருளாகக் கிடக்கிறது. ஓவியர்க்கு எளிது, குழந்தைக்குப் பழக்கமானது. ஆனால் கரையில் பலரும் அதனைச் சொல்வது ‘பைபர்’ என்றே.